கொல்லைக் கொம்பின் கோட்பாடும் நடைமுறையும்

பறவை எங்கே வேண்டுமானாலும் உட்காரும். நாம் உட்காரச் சொன்ன இடத்தில் மட்டும் உட்காராது. கொல்லை உள்ள எவரும் அறிந்த அனுபவ உண்மை இது. அனுபவ உண்மையை ஆய்வு உண்மையாக உயர்த்த நூறு பக்கமும் ஒரு நெறியாளரும் வேண்டும் என்பது நம் பல்கலைக்கழக மரபு. பக்கத்துக்குப் பஞ்சமில்லை. நெறியாளராக, கொல்லைக்கு வரும் கரிச்சானை, அதாவது ரெட்டைவால் குருவியை, இக்கட்டுரை வரித்துக்கொண்டிருக்கிறது. வேலையெல்லாம் முடிந்த பிறகு வந்து பார்ப்பது, ஒன்றும் சொல்லாமல் போய்விடுவது ஆகிய இரு தகுதிகளும் அதற்கு நிறைவாக உண்டு.

ஆய்வெல்லை

இக்கட்டுரை கூடு பற்றியதன்று, தீனி பற்றியதுமன்று. அவற்றைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. மார்ச் 20 வந்தால் உலகச் சிட்டுக்குருவி நாள். 2010 முதல் கொண்டாடி வருகிறோம். மேடை போட்டு மரப்பெட்டி கொடுக்கிறார்கள். அந்தப் பெட்டியின் வாசலுக்குக் கீழே அழகுக்காக ஒரு சிறு குச்சி செருகியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். சிட்டுக்குருவிக்கு அந்தக் குச்சி தேவையில்லை. வாசல் விளிம்பைப் பற்றிக்கொண்டு நேரே உள்ளே போய்விடும். குச்சி பயன்படுவது குஞ்சைத் தூக்க வரும் காகத்துக்கு. உலகில் பறவைக்கு இருக்கை வேண்டாத இடம் ஒன்று உண்டென்றால் அது அந்த வாசல்தான். அங்கேதான் நாம் தவறாமல் வைக்கிறோம்.

நம் ஆய்வுப் பொருள் வெறும் உட்காருதல். புலவர்கள் எல்லாரும் பறத்தலையே பாடியிருக்கிறார்கள். ஆனால் கரிச்சானை ஒரு முற்பகல் முழுக்கக் கவனித்தால், அது பறப்பது கொஞ்ச நேரம், உட்கார்ந்திருப்பதே அதிகம் என்பது விளங்கும். உட்கார்ந்து பார்க்கிறது. பூச்சி தென்பட்டால் பாய்கிறது. பிடித்ததும் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறது. பஞ்சுருட்டான், பனங்காடை, தண்ணீரே இல்லாத தோட்டத்துக்கும் வந்து ஓணானையும் வெட்டுக்கிளியையும் பிடிக்கும் வெண்தொண்டை மீன்கொத்தி எல்லாமே இந்த வகை. இவற்றுக்கு இருக்கை என்றால் அலுவலகம். அலுவலகத்தில் இரண்டு வசதி வேண்டும்: வருகிற இரை தெரிய வேண்டும், வருகிற பூனை அதற்கும் முன்னால் தெரிய வேண்டும். மற்றபடி மேசை விரிப்பு, பூச்சாடி எதையும் அவை கேட்பதில்லை.

முன்னோர் ஆய்வுகள்

இத்துறையில் சங்ககாலத்தாரின் பங்களிப்பு ஏமாற்றம் தருகிறது. தினைப்புனத்துக்கு வரும் கிளியை ஓட்டுவதற்குத் தழல், தட்டை, குளிர் என்று மூன்று கருவிகளைக் குறிஞ்சிப்பாட்டு பெயர் சொல்லிப் பதிவு செய்திருக்கிறது. விரட்ட மூன்று, உட்கார வைக்க ஒன்றுகூட இல்லை. பரண் என்ற உயர்ந்த இருக்கையை அவர்கள் கட்டத்தான் கட்டினார்கள். ஆனால் அதில் உட்கார்ந்தது தலைவி. வள்ளி இருந்த பரணைத் தேடி முருகனே வந்தான் என்பதால் பரணுக்கு ஈர்க்கும் ஆற்றல் உண்டு என்பதில் ஐயமில்லை. வந்தவனுடைய ஊர்தி மயில் என்பதைக் கணக்கில் கொண்டால் அதைப் பறவை இருக்கையாகவும் ஏற்கலாம் என்பது ஒரு தரப்பு. வேடனாகவும் கிழவனாகவும் மாறுவேடத்தில் வந்தவன் மயிலை மலையிலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருப்பான் என்பது எதிர்த்தரப்பு. எதிர்த்தரப்பின் வாதமே வலுவாக உள்ளது.

வள்ளல்களிடம் போவோம். பாரி முல்லைக்குத் தேரை ஈந்தான். கொடி படர ஒரு கொம்பு தேவைப்பட்டது. அவன் நிறுத்தியது தேர். பொறியியல் நோக்கில் அளவு சற்றே மிகை. பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். மயில் அதை உடுத்தவும் செய்யாது, போர்த்தவும் செய்யாது என்று தெரிந்தே கொடுத்தான் என்று பரணர் பாராட்டுகிறார். பறவைக்கு வேண்டாததைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது இந்த மண்ணில் தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்பதற்கு நமக்குக் கிடைத்த முதற்சான்று இது. மயில் இரவில் மரத்தில் ஏறி அடைகிற பறவை. அன்றைக்கு ஓர் உயரமான கிளையைக் காட்டிவிட்டிருந்தால் போர்வையை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம். கடையெழு வள்ளல்களில் இடம் கிடைத்திருக்காது, அவ்வளவுதான்.

சமயச் சான்றுகள் இரண்டு. மதுரை மீனாட்சியின் வலக்கையில் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் கிளி. ஆண்டாள் கிளியை இலைகளால் நாள்தோறும் புதிதாகக் கட்டுகிறார்கள். அதற்கு மூக்கு மாதுளம்பூ. இருக்கை நிலையானது, பறவைதான் அன்றாடம் மாறுவது என்ற அரிய கோட்பாட்டை இதிலிருந்து பெறுகிறோம். நேற்று வந்த மைனாவை இன்று காணோமே என்று வருந்துவோர் கவனிக்க.

இனி, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த வழக்கு. காகத்தின் எடை ஏறக்குறைய முந்நூறு கிராம். முற்றிய பனம்பழம் ஒரு கிலோவைத் தாண்டும். ஆடி, ஆவணியில் பழுத்தால் யாரும் உட்காராமலே அது விழும். ஆகவே காகம் நிரபராதி என்று இவ்வாய்வு தீர்ப்பளிக்கிறது. பழமொழி சொல்ல வந்ததும் அதைத்தானே என்பீர்கள். உண்மை. ஆனால் ஊர் இத்தனை காலமும் பழத்தைப் பற்றியே பேசியிருக்கிறது. காகம் ஏன் அங்கே போய் உட்கார்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பொட்டலில் உயரமானது பனை ஒன்றுதான். நாலாபுறமும் மறைப்பில்லை. அடிமரத்தில் பூனை ஏறினால் கீழேயிருந்தே தெரியும். காகம் இடம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. நாம்தான் பழத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

கால் இயல்

பறவையின் காலில் பின்பக்கமாக மடங்குவதை முழங்கால் என்று நினைக்கிறோம். அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. கொல்லைப் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று. கிளி, குயில், செம்போத்து, மரங்கொத்தி ஆகியவற்றுக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு. பனை உழவாரனின் கதை வேறு: அதன் குட்டைக் கால்கள் பனையோலையில் பற்றித் தொங்கத்தான் உதவும், கிளையில் அமர உதவா. அதற்கு இருக்கை செய்து கொடுக்க முனைவோரை இக்கட்டுரை வாழ்த்துவதோடு நிறுத்திக்கொள்கிறது.

கிளையில் தூங்கும் பறவை ஏன் விழுவதில்லை? இத்தாலியரான பொரெல்லி 17ஆம் நூற்றாண்டில் ஒரு விடை சொன்னார். உட்காரும்போது கால் மடங்குகிறது. மடங்கினால் தசைநார் இழுபடுகிறது. இழுபட்டால் விரல்கள் தாமாக மூடிப் பிடித்துக்கொள்கின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடநூல்கள் இதையே ஒப்பித்து வந்தன. ஐரோப்பாவின் ஸ்டார்லிங் பறவைகளை வைத்துச் செய்து 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை மறுத்தது. காலை மடக்குவதால் மட்டும் விரல் மூடிக்கொள்வதில்லை. தூங்குகிற பறவை இறுக்கிப் பிடிப்பதுமில்லை, பாதத்தின் நடுவில் எடையை இறக்கிச் சமநிலையில் நிற்கிறது என்பது அதன் முடிவு. டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றபடி தூங்குகிறவரை பொரெல்லி ஒருமுறை பார்த்திருந்தால் முந்நூறு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

இதனால் கொம்பு நடுவோருக்கு விளங்க வேண்டியது ஒன்று: சமநிலையில் நிற்கும் காலுக்கு வழுக்கும் பரப்பு ஆகாது. மெருகேற்றிய தேக்கு ஆகாது. பிவிசி குழாய் ஆகாது. இரும்புக் குழாய் மழைக்காலத்தில் வழுக்கும், கோடையில் சுடும். சித்திரை மாதம் நண்பகலில் அதைக் கையால் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு பறவையைக் கூப்பிடவும். கனமும் முக்கியம். பத்து கிராமுக்குள் அடங்கும் தையல்சிட்டுக்கும் தேன்சிட்டுக்கும் ஈர்க்குச்சிக் கனமே போதும். சின்னானுக்கும் கரிச்சானுக்கும் சுண்டுவிரல். நூறு கிராமைத் தாண்டும் மைனாவுக்குக் கட்டைவிரல். இந்த எல்லாக் கனமும் ஒரே பொருளில், பட்டையோடு, சொரசொரப்போடு, இலவசமாகக் கிடைக்கிறது. அதன் பெயர் மரக்கிளை.

கள ஆய்வு

தமிழ்நாட்டில் இதுவரை அமைந்த பறவை இருக்கைகளில் தலைசிறந்ததை வடிவமைத்தவர்கள் ஜப்பானியர் இருவர். பெயர் யாகி, உடா, ஆண்டு 1926. ரேடியோ அலையைப் பிடிப்பதற்காகத்தான் அவர்கள் அதைச் செய்தார்கள். 1975இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கி, 1982இல் இலங்கையில் ரூபவாஹினி வந்து, அதைப் பிடித்துவிட வேண்டும் என்று தென் மாவட்டத்து மொட்டை மாடிகளில் குழாய்மேல் குழாய் ஏற்றியபோதுதான் அந்த ஆன்டெனாவின் உண்மையான பயன் வெளிப்பட்டது. அலுமினியக் குச்சிகள், விரல் கனம். எல்லாம் கிடைமட்டம். ஒன்றுக்கொன்று போதிய இடைவெளி. இருப்பதிலேயே உயரமான இடம். சுற்றிலும் மறைப்பே இல்லை. பறவையைக் கலந்தாலோசித்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது. காகம் வந்தது, மைனா வந்தது, மாடப்புறா வந்தது. பங்குனி பிறந்தால் குண்டுகரிச்சான் அதன் நுனியில் நின்றுகொண்டு விடியற்காலையில் பாடியது.

ஞாயிற்றுக்கிழமை மாலைப் படம் ஓடும் நேரமும், அடையப் போகும் காகங்கள் கடைசியாக ஒருமுறை கூடிப் பேசும் நேரமும் ஒன்றாக அமைந்தன. கதாநாயகன் நெளிவான். வீட்டில் இளையவன் மாடிக்கு அனுப்பப்படுவான். காகத்தை விரட்டிக் குழாயைத் திருகி, “தெரியுதா?” என்பான். “தெரியல... தெரியுது, தெரியுது... ஐயோ, போச்சு!” என்று கீழேயிருந்து குரல் வரும். பிறகு கேபிள் வந்தது. அலுமினியம் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. பறவைகளுக்கு ஏற்பட்ட இந்த இழப்புக்கு எவரும் இரங்கல் தீர்மானம் போடவில்லை. அடுத்து வந்த டிஷ், வழவழப்பான வளைவு. நிற்க முயன்ற புறா சறுக்கியது. அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கையில் மட்டும் ஒரு சின்னான் உட்கார இடமுண்டு.

ஆன்டெனாவுக்கு அடுத்த நிலை துணி காயப்போடும் கொடிக்கு. பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் அதில் விரும்பி அமரும். இங்கே ஆய்வுக்கும் இல்லறத்துக்கும் உரசல் ஏற்படுவது இயல்பு. “என்னங்க, உங்க ஆராய்ச்சிக் குறிப்பெல்லாம் உங்க வேட்டியிலேயே இருக்கு, வந்து படிச்சுக்குங்க” என்ற குரல் சமையலறையிலிருந்து வந்தால் அதை மறுப்புரையாகக் கொள்ளாமல் தரவாகக் கொள்ளுவதே ஆய்வறம்.

மின்கம்பியைப் பற்றிச் சுருக்கமாக. ஒரே கம்பியில் இரண்டு காலையும் வைத்திருக்கும்வரை, கால்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். ஆகவே மின்சாரம் பறவைக்குள் புகுந்து போக வேண்டிய அவசியமில்லை. சிறகு அடுத்த கம்பியையோ டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பையோ தொட்டுவிட்டால் கதை முடிந்தது. தெருவுக்குக் கரண்ட் போகும். ஊர்க் காகங்கள் அத்தனையும் கூடிக் கரையும். அந்தக் கூட்டத்துக்கு நம் வீட்டுக் கொம்பு போதாது.

எருமையை விட்டுவிடக் கூடாது. முதுகு அகலம், தோல் சொரசொரப்பு, குளம்பு நகர நகரப் புல்லிலிருந்து பூச்சி கிளம்பிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடு வரவழைக்கும் ஒரே இருக்கை அதுதான். கரிச்சான் அதில் ஏறிப் போவதைப் பார்த்தவர்கள் அதன் கம்பீரத்தை மறக்கமாட்டார்கள். நகராட்சி எல்லைக்குள் எருமை வைத்துக்கொள்ளும் சிக்கல் கருதி இதை நாம் பரிந்துரைக்கவில்லை.

கருதுகோள்

ஆன்டெனா, கொடிக்கயிறு, மின்கம்பி, எருமை. இவற்றுள் எதுவும் பறவைக்காகச் செய்யப்பட்டதன்று. எதுவும் பறவையை அழைக்கவில்லை. மறுபக்கம், பறவைக்கென்றே கடையில் விற்கும் வழவழப்பான மரவளையங்கள், வண்ணம் பூசிய ஊஞ்சல்கள், வீடு வடிவத்தில் சின்னக் கூரை போட்ட மேடைகள் எல்லாம் வெறிச்சோடிக் கிடக்கின்றன. இதிலிருந்து பின்வரும் விதி நிறுவப்படுகிறது: ஓர் இருக்கையின் ஈர்ப்பு, அதற்காக ஆன செலவுக்கும் அதைச் செய்தவர் பட்ட பெருமைக்கும் எதிர்விகிதத்தில் அமையும்.

விதிக்கு வலிமையான ஆதாரம் வயலில் இருக்கிறது. வைக்கோல் பொம்மையை நினைத்துப் பாருங்கள். ஒரு கழி, அதன் குறுக்கே இன்னொரு கழி, மேலே பழைய சட்டை, தலைக்குக் கரிபூசிய சட்டி. பறவை வரக் கூடாது என்பதற்காக விவசாயி பாடுபட்டு அதைச் செய்கிறார். இப்போது சட்டையையும் சட்டியையும் எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது, பயறு வகையில் காய்ப்புழுவைப் பிடிக்கப் பறவை வரட்டும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அதே ‘டி’ வடிவப் பறவை இருக்கை. “வராதே” என்பதற்கும் “வா” என்பதற்கும் நடுவே இருப்பது ஒரு சட்டைதான். காகம் அதையும் சில நாளில் கண்டுகொண்டு பொம்மையின் தோளில் வந்து அமர்வதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். விவரமான விவசாயி நெல்லிலும் சோளத்திலும் கதிர் பால் பிடிக்கும் முன்பே இருக்கைகளைப் பிடுங்கிவிடுவார். புழுவைத் தின்ன வந்த கூட்டத்தோடு தானியம் தின்னும் கூட்டமும் வந்து சேரும் என்பது அவருக்குத் தெரியும். எலித் தொல்லை உள்ள வயலில் இரவில் ஆந்தை வந்து உட்காரவும் இதே மாதிரிக் கழி உதவுகிறது. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பறவை ஏமாற்றுவதுமில்லை.

பல்கலைக்கழகக் கணக்கு ஹெக்டேருக்கு 50 இருக்கை. ஒரு ஹெக்டேர் 247 சென்ட். அப்படியானால் ஐந்து சென்ட் நிலம் உள்ளவருக்குத்தான் ஒரு முழு இருக்கை. இரண்டு சென்ட் கொல்லை உள்ளவருக்கு உரிமையானது அரைக் கொம்புக்கும் குறைவு. அறிவியலில் முழுமையாக்கல் என்ற முறை இருப்பதால் ஒன்று நட்டுக்கொள்ளலாம். மொட்டை மாடிக்காரர்கள் மனசாட்சிப்படி நடந்துகொள்ளவும்.

செய்முறை

ஆள் உயரத்துக்கு மேல் ஓரிரு அடி இருக்கும்படி ஒரு மூங்கில் கழி. தரைக்குள் போகும் பகுதியைத் தீயில் வாட்டிக் கருக்கிக்கொண்டால் கரையான் உடனே அண்டாது. வேலிக்கால் நடுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது. உச்சியில் குறுக்காக வேம்பு, புளி, கருவேலம் எதுவாயினும் இரண்டு முழக் கிளை. பட்டையை உரிக்க வேண்டாம், கிளைச் சிம்புகளை வெட்டவும் வேண்டாம். தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டவும். நைலான் கயிறு கூடாது: பிரிந்த இழை காலில் சுற்றும்; கூடு கட்ட எடுத்துப்போனால் குஞ்சின் காலிலும் சுற்றும். மாடியாக இருந்தால் காலிப் பெயிண்ட் வாளியில் மணலும் உடைந்த செங்கல்லும் போட்டு அதில் நடலாம். அவ்வளவுதான் செய்முறை. இதற்குமேல் எதையாவது செய்யக் கை பரபரத்தால் மேலே சொன்ன விதியை மறுபடி படிக்கவும்.

சோம்பேறிகளுக்கு இதைவிட எளிய முறை உண்டு. ஆய்வாளர் பரிந்துரைப்பதும் அதையே. முருங்கையிலோ மாவிலோ ஒரு கிளை பட்டுப்போயிருந்தால் அதை வெட்டாமல் விட்டுவிடுவது. இலை இல்லாத கிளை பார்க்க லட்சணமாக இல்லை என்று வெட்டச் சொல்லும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்கள் ஊருக்குப் போகும்வரை நாளை வெட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

திசை பற்றி வாஸ்து வல்லுநர்களுக்கும் இவ்வாய்வுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஈசானிய மூலையில் கழி நட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு நண்பர் எச்சரித்தார். பறவையிடம் அப்படி ஒரு நம்பிக்கை காணப்படவில்லை. அது பார்ப்பது காற்றைத்தான். காற்றுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்தால் இறகு கலையாது. எழும்பிப் பறக்கவும் எளிது. ஆகவே குறுக்குக் கிளை காற்று வீசும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். மேற்கிலிருந்து ஆடிக் காற்று அடிக்கும் ஊர்களில் வடக்குத் தெற்காகக் கட்டினால் பறவை மேற்கு நோக்கி நிம்மதியாக இருக்கும். கொம்பின் கிழக்குப்பக்கம் மறைப்பில்லாமல் இருந்தால் காலை வெயிலுக்குச் செம்போத்து வந்து சிறகை விரித்துக் காயவைக்கும்.

நீளத்துக்கு ஒரே அளவு சொல்ல இயலாது. பஞ்சுருட்டான்கள் அடையும்போது ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக அமரும். ஒரு முழத்தில் ஒரு குடும்பமே அடங்கும். தவிட்டுக் குருவிகளும் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றன் தலையை ஒன்று கோதிவிடும். கரிச்சானோ பக்கத்தில் ஆள் இருந்தால் அலுவல் பார்க்காது. காகம், பருந்து எதுவாக இருந்தாலும் துரத்திவிட்டு வந்து முழுக் கொம்பையும் தனக்கே எடுத்துக்கொள்ளும்.

சமூக விளைவுகள்

வீட்டு முன்புறத்தில் கழி நடுவதற்கு முன் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. நம் ஊரில் கம்பம் நட்டால் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே. “என்ன சார், எந்தக் கட்சி?” கரிச்சான் என்று பதில் சொன்னால் மேற்கொண்டு விளக்கம் கேட்பார்கள், விளக்கினால் நம்ப மாட்டார்கள். தேர்தல் நெருங்கும் மாதங்களில் கொல்லைப்புறமே பாதுகாப்பு.

கிளியை வரவழைப்பதற்கு ஒரு கிளியைக் கூண்டில் கட்டித் தொங்கவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டுக்குள் இருக்கும் வளையத்தை இவ்வாய்வு இருக்கை என்று கருதவில்லை.

கொம்புக்குக் கீழே நடப்பது தனி ஆய்வுக்கு உரியது. உட்கார்ந்த பறவை சும்மா இருப்பதில்லை. எங்கோ தின்றதை இங்கே இறக்கிவிட்டுப் போகும். மழை பெய்தால் மணத்தக்காளி முளைக்கும், கோவைக்கொடி முளைக்கும், வேம்பு முளைக்கும். உண்ணிச்செடியும் முளைக்கும், அதைப் பிடுங்கிவிட வேண்டும். அழிந்த காடுகளை மீட்கும் ஆய்வாளர்கள் விதை விழட்டும் என்றே வெற்று நிலத்தில் கொம்பு நட்டுப் பார்த்திருக்கிறார்கள். இடம் தப்பிச் சுவரோரம் நட்டால் சுவர் வெடிப்பில் அரசு முளைக்கும். அதற்கான கொத்தனார் கூலியை, கொம்புக்குச் செலவே இல்லை என்று மேலே சொன்ன கணக்கில் சேர்க்கவில்லை.

பரிந்துரைகள்

கண்ணாடி ஜன்னலுக்கு மூன்றடிக்குள் கொம்பு இருக்கலாம். முப்பதடிக்கு அப்பால் இருக்கலாம். நடுவே இருந்தால் பறவை வேகம் பிடித்துக் கண்ணாடியில் மோத இடம் கிடைத்துவிடும். கொம்புக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினால் பக்கக் கண்ணாடிகளுக்குத் துணிப்பை மாட்டவும்; குண்டுகரிச்சானும் சின்னானும் தம் உருவத்தை எதிரி என்று நினைத்து அலகு வலிக்கக் கொத்திக்கொண்டிருக்கும். ஓடி ஒளிய ஒரு செடியோ புதரோ பார்வைக்குள் இருக்கட்டும். கொம்பை ஒட்டி இருந்தால் அதற்குள் முதலில் ஒளிவது பூனைதான். பக்கத்தில் அகலமான மண்சட்டியில் இரண்டு விரல்கடை தண்ணீர் வைக்கலாம். தினமும் மாற்றவும், இல்லையென்றால் வளர்வது கொசு. பட்டத்து மாஞ்சா நூல் கொம்பில் சிக்கியிருந்தால் அன்றைக்கே எடுத்துவிடவும். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடை செய்தது. அறுந்து தொங்கும் நூலுக்கு அது தெரியாது.

கடைசியாக இல்லத்தரசிகளின் சார்பில் ஒரு வேண்டுகோள். மாசி முதல் சித்திரை வரை மாடியில் வடாம் காயும் காலம். கறுப்புக் குடையை விரித்து வைத்தால் காகம் அண்டாது என்பது பெரியவர்கள் கருத்து. குடையை நம்பிக் கொம்பை வடாம் பாய்க்குப் பக்கத்தில் நட வேண்டாம்.